காய்ப்பு இல்லை என்று ஏற்றிய மரம்

என் தம்பி மம்சாபுரத்துத் தோட்டத்தை பிளாட் போட்டு விற்றான். பாகப்பிரிவினையில் தோட்டம் அவனுக்கு விழுந்தது. எனக்கு விழுந்தது கையெழுத்துப் போடும் வேலை. கல் நட்டு, கலர் கொடி கட்டின பிறகுதான் எனக்குச் சேதி வந்தது. போய்ப் பார்த்தால் ஆடிக்காய் மரம் நின்ற இடத்தில் சாலை வரப்போகிறது என்று போர்டு நின்றது. ஏன்டா என்று கேட்டேன். "ஒத்த மாமரத்துக்கா இம்புட்டுக் கூப்பாடு? பழம் வேணும்னா வாங்கித் தாரேன்க்கா" என்றான். எந்தக் கடையில் வாங்கித் தருவாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே பேச்சு முறிந்திருக்கும். கொஞ்ச நாள் கழித்து வேறொரு காரணத்துக்காக முறிந்தது.

அந்தக் காய் எந்தக் கடையிலும் கிடையாது. சந்தையில் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் வந்து ஓய்ந்து, ஜனங்களுக்கு மாம்பழமே சலித்துப்போன பிறகு, ஆடிக் காற்றில்தான் அது பழுக்கும். பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். பார்த்தவர்கள் ஊறுகாய்க்குப் பறித்ததா என்று கேட்பார்கள். உள்ளே செம்மஞ்சள், ஒரு நார் இருக்காது. இலையைக் கசக்கி முகர்ந்தால் சீரக வாசம் வரும். வேறு எந்த மாமரத்திலும் அந்த வாசத்தை நான் கண்டதில்லை. அதற்கென்று ஒரு பெயரும் கிடையாது, எங்கள் வீட்டில் ஆடிக்காய் என்போம், அவ்வளவுதான்.

அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு தடவை சொன்னார், அது ஜோடி ஒட்டு என்று. ஒரே தாய்மரத்தில் கட்டி எடுத்த இரண்டு கன்றுகளில் ஒன்று எங்களிடம் வந்தது, மற்றதை ராஜபாளையம் பக்கத்து ஆள் ஒருவர் கொண்டுபோனார். தாய்மரம் எப்போதோ பட்டுப்போனது. அந்த ஆள் யார் என்று எங்களில் ஒருவரும் அப்போது கேட்கவில்லை. வீட்டில் காய்த்துக் குலுங்கும்போது பக்கத்து ஊர் மரத்தைப் பற்றி யார் கேட்பார்கள்?

நாற்றுப்பண்ணைக்காரரிடம் போய் விசாரித்தேன். அந்த ஜோடி மரம் எங்காவது நின்றால் ஒரு சாண் குச்சி போதும், ஆடி ஆவணியில் மழை ஈரத்தில் ஒட்டுக் கட்டித் தருகிறேன் என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மடவார் வளாகத்தில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கன்று நடும் அளவுக்கு இடம் இருந்தது. என் வீட்டுக்காரர் இதில் தலையிடவில்லை. அவருக்குப் பழம் என்றால் வாழைப்பழம்தான்.

ராஜபாளையம் பக்கம் என்று அப்பா ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மலையடிவாரம் முழுக்கத் தோப்புதான். மில் ஆபீஸில் கணக்குப் பார்க்கிற எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். தனியாக அலைந்தால் ஆயுசு போதாது. அதனால் பழைய மாமரங்களை எல்லாம் ஒரு இடத்தில் ஏற்றுவோம், அவரவர் ஊர் மரத்தை அவரவரே போனில் ஏற்றட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். மாமரப் பட்டியல் என்று பெயர் வைத்தேன். என் கொழுந்தன் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று அவன் பெண்டாட்டிக்கே சரியாகத் தெரியாது. அவனைக் கூப்பிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை, காலணா செலவு இருக்கக் கூடாது.

முதலில் மில்லில் பழகிய மாதிரி கட்டம் போட்ட ஷீட் ஒன்றைத் திறந்து தெரிந்தவர்களுக்கு அனுப்பினேன். அதில் ஒரு புண்ணியவான் அகரவரிசைப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஊர்ப் பெயர்களை மட்டும் வரிசையாக்கிவிட்டார். மற்ற கட்டங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மடவார் வளாகத்து மரம் சேத்தூருக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போயிற்று.

அடுத்தது இலவச ஆபீஸ் மென்பொருளோடு கூடவே வருகிற டேட்டாபேஸ். நிஜமாகவே நல்ல சரக்கு. மரத்துக்கு ஒரு பக்கம், படத்துக்கு ஒரு இடம், எல்லாம் ஒழுங்கு. ஆனால் என் வீட்டுக் கம்ப்யூட்டரை விட்டு வாசல் தாண்டாது. கொழுந்தன் உதட்டைப் பிதுக்கிவிட்டு, பெரிய கம்பெனிகள் ஓட்டுகிற டேட்டாபேஸும் இலவசம்தான் என்று ஒன்றை இறக்கினான். அதற்கு சர்வர் வேண்டுமாம். கறுப்புத் திரையில் ஒரு பகல் முழுக்க ஏதேதோ அடித்தான். இரண்டு தடவை காபி, ஒரு தடவை சாப்பாடு. சாயங்காலம் திரையில் ஒரே ஒரு மரத்தைக் காட்டினான். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

இன்னொன்று இலவசம் என்று கூப்பிட்டு உட்காரவைத்தது. கொஞ்சம் மரம் ஏறினதும் இதற்கு மேல் பணம் கட்டு என்றது. வேறொன்றில் தமிழில் தேடினால் ஒன்றுமே அகப்படாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் வந்த மாட்டுக்கெல்லாம் வாயைப் பிளந்து பார்த்தேன்.

கடைசியில் ஒன்று அமைந்தது. போனிலேயே திறக்கும். பாஸ்வேர்ட் வேண்டாம், லிங்கைத் தட்டினால் போதும். படம், வரைபடம், எல்லாவற்றுக்கும் மேலாக வடிகட்டி. இந்த ஊர், இந்த அளவு, இந்த ரகம் என்று தட்டினால் வேண்டிய மரங்கள் மட்டும் வந்து நிற்கும். ஒரே ஒரு குறை. இன்னாருக்கு இன்னது மட்டும் தெரியட்டும் என்று மறைத்துவைக்கிற வசதி பணம் கட்டுகிறவர்களுக்குத்தான். ஓசிக்காரர்களுக்கு ஒன்று எல்லாமே திறப்பு, இல்லாவிட்டால் மொத்தமும் மூடல். "நாம என்ன நகையவா வைக்கப் போறோம் மதினி, மரந்தான" என்றான் கொழுந்தன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

என்னென்ன கட்டம் வைப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை. மரத்தின் சுற்றளவு வேண்டும் என்றேன் நான். எங்கள் மரத்தின் வயதுதானே அதன் ஜோடிக்கும், தூர் பருத்த மரங்களை மட்டும் வடிகட்டினால் பாதி அலைச்சல் மிச்சம். காய்ப்பு எப்படி என்று ஒரு கட்டமும் நான் கேட்டதுதான். மரத்துக்குச் சொந்தக்காரரின் போன் நம்பர் கொழுந்தன் யோசனை. பார்க்கிறவன் மரத்தையா கூப்பிட்டுப் பேசுவான் என்றான். வண்டி போகுமா என்கிற கட்டமும் அவன் வைத்தது. மரம் பார்க்கப் போகிறவர் ஸ்கூட்டியை எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டுமல்லவா. இவ்வளவு அக்கறையோடு ஒரு வேலையை நானும் அவனும் அதற்கு முன்னால் சேர்ந்து செய்ததில்லை.

மண்டியில் மாங்காய் வியாபாரம் பார்க்கிற பாய் ஒருவர் தன் வாட்ஸப் குரூப்பில் லிங்கைப் போட்டுவிட்டார். மரங்கள் வர ஆரம்பித்தன. ஞாயிறுதோறும் நானும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தோப்புத் தோப்பாகப் போனேன். அளக்கிற டேப்பைக் கண்டதும் ஜனங்கள் முதலில் ரோடு வருதா என்று கேட்பார்கள். இல்லை என்றால் வரியா என்பார்கள். அதுவும் இல்லை, சும்மா மரக் கணக்கு என்றால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா மட்டும் "ரண்டி, ரண்டி" என்று உள்ளே அழைத்து மோர் கொடுத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒன்றுபோல. மரம் நன்றாகக் காய்க்கும் என்று ஒரு ஆள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். கிளை ஒடிகிற மாதிரி தொங்கினாலும் "என்னத்தக் காய்க்குது, பேருக்கு நாலு" என்பார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம் ஒன்று; ஊர்க்காரர் காதில் விழுந்தால் ஆளாளுக்குக் காய் கேட்டு வருவார்கள் என்பது இன்னொன்று. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வளர்ந்தோம். கேட்பவருக்கும் அது பொய் என்று தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அதில் யாரும் ஏமாறுவது கிடையாது. ஆனால் என் பட்டியலில் அந்தக் கட்டத்துக்கு மூன்றே மூன்று விடைகள்தான்: நன்று, சுமார், இல்லை. இல்லை என்று சொன்னவர்களுக்கு இல்லை என்றே போட்டேன். சொன்னதை மாற்றி, நன்று என்று ஊர் பார்க்க எழுதினால், நானே கண் வைத்த மாதிரி ஆகும். ஆளையும் முகத்தையும் பார்த்துக் கேட்டால் அந்தப் பொய் பொய்யாகத் தெரியும். கட்டத்துக்குள் போட்டுவிட்டால் அதுவே உண்மை. இவ்வளவு நாள் கணக்கெழுதியும் எனக்கு இது உறைக்கவில்லை.

மாசியில் சோழபுரத்துக்குப் போனேன். ரோட்டோரத் தோப்பு. சொந்தக்காரர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தார். தோப்பின் கோடியில் ஒரு மரம், பூத்து மூடிக் கிடந்தது. அடிமரத்தில் டேப்பைச் சுற்றினேன். எல்லா மரத்திலும் செய்கிற மாதிரி ஒரு இலையைப் பறித்துக் கசக்கினேன். சீரகம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்தது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எப்படிக் காய்க்கும் என்று கேட்டேன். பூக்கிறதோடு சரி, அம்புட்டும் கொட்டிப்போகும், ஒன்றும் நிற்காது என்றார். அவர் காலடியிலேயே போன வருஷத்துக் கொட்டைகள் காய்ந்து கிடந்தன. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, காய்ப்பு இல்லை என்று போட்டேன். படம் எடுத்தேன், நம்பர் வாங்கினேன், வண்டி போகும் என்று குறித்தேன். ஆடியில் ஒரு தடவை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். தாராளமாக வாங்க என்றார். ஏன் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கொழுந்தனிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி மட்டும் வெட்டி, எரு போட்டு ஆறவிட்டேன்.

சித்திரையில் ஆபீஸில் இருக்கும்போது ஒரு போன். நல்ல மரியாதையான குரல். மரம் வெட்டி அறுவை மில்லுக்குக் கொடுக்கிற வியாபாரியாம். பட்டியல் போட்டிருக்கிறது நீங்கள்தானே அக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. முன்னெல்லாம் ஒரு மரம் பிடிக்க டீக்கடை டீக்கடையாக விசாரித்து நாள்கணக்கில் அலைய வேண்டும், இப்போது தூர் பருத்தது, காய்ப்பு இல்லாதது, வண்டி போகிறது என்று மூன்று தட்டுத் தட்டினால் போன் நம்பரோடு வந்து நிற்கிறது என்றார். சென்ட்ரிங் பலகைக்கும் பெட்டிக்கும் மாமரத்துக்கு நல்ல கிராக்கியாம். காய்க்காத மரத்தை வைத்துக்கொண்டு அவர்களும் என்ன செய்யப்போகிறார்கள், உங்களால் ரெண்டு பக்கத்துக்கும் நல்லது என்றார். உங்களுக்கும் முறைப்படி கமிஷன் உண்டு என்று சொல்லிவிட்டு, நான் பேசாமல் இருப்பதைக் கண்டு, குறைவாகச் சொல்லிவிட்டோமோ என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

திருடன் என்றால் வாய்க்கு வந்தபடி திட்டலாம். இவர் என்னத்தைத் திருடினார்? நான் கடை விரித்தேன், வந்து எடுத்துக்கொண்டார். ஆனாலும் அவரை நான் இன்றுவரை வெறுக்கிறேன். நியாயம் பார்த்து வெறுக்க எனக்குத் தெரியாது.

சோழபுரத்துக்காரர் நம்பரைக் கூப்பிட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. கொழுந்தனைக் கூப்பிட்டு உடனே பட்டியலை மூடச் சொன்னேன். மூடிவிட்டான். செத்த நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "மூடிட்டேன் மதினி, ஆனா அந்தாளு மொத்தத்தையும் காப்பி இறக்கி வச்சிருப்பான் போல. எடுத்தவன்கிட்ட இருந்து பிடுங்க முடியாது" என்றான். பிறகு, இதில் நம் தப்பு ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தான். போனை வைத்துவிட்டேன். இனி ஒரு தடவை அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவன் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கண்மாயில் போடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் லீவு சொல்லிவிட்டுச் சோழபுரத்துக்குப் போனேன்.

ரோட்டிலிருந்தே தெரிந்தது. தோப்பின் கோடியில் வானம் தெரிந்தது. மரத்தை மட்டும் அல்ல, தூரையும் பொக்லைன் வைத்துத் தோண்டி எடுத்திருந்தார்கள். தூர் செங்கல் சூளைக்குப் போகுமாம். பெரிய பள்ளம். சுற்றிலும் லாரிச் சக்கரத் தடம், மண்ணில் மிதிபட்டுச் சருகாகிப்போன இலைகள், விரல் தண்டிக்குப் பிஞ்சுகள். தழைந்த கிளை ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று வேலியோரம் வரைக்கும் போய்ப் பார்த்தேன். கிடந்ததெல்லாம் காய்ந்த விறகு. ஒரு சாண் பச்சைக்குச்சி கிடைக்கவில்லை.

சொந்தக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவரச் சொல்லி, கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார்.

"உங்க ஆளு வந்தாரும்மா" என்றார். "நீங்க எடுத்த போட்டோவ போன்ல காட்டுனாரு. நீங்களே காய்க்கலன்னு போட்டிருக்கீய, பொறவு நான் என்னத்தப் பேச? அம்மா அம்புட்டு தூரம் வந்து அளந்துட்டுப் போனாவ, அவிய அனுப்புன ஆளுன்னு வெலகூடப் பேசல. குடுத்தத வாங்கிக்கிட்டேன்."

நான் யாரையும் அனுப்பவில்லை என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. மரம் காய்க்குமா என்று கேட்டேன், பதில் தெரிந்துகொண்டேதான்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆடியில மரம் தாங்காது. கண்ணு பட்டுரும்னு அப்பிடிச் சொல்றதுதான... உங்களுக்குத் தெரியாததா."

எனக்குத் தெரியும். அவர் சொன்னது பொய் என்று சொன்ன நிமிஷமே தெரியும். அதற்குப் பிறகு எனக்கு அடக்க முடியவில்லை. தம்பி விற்ற தோட்டம், எங்கள் மரம், அப்பா சொன்ன ஜோடி, இந்த ஒரு மரத்தைத் தேடித்தான் அந்தப் பட்டியலே என்று எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்தின் கரையில் நின்று கொட்டித் தீர்த்தேன். கலர் வந்தது, இருவரும் குடிக்கவில்லை. தன் அய்யாவும் அதை ஜோடி மரம் என்றுதான் சொல்வார், மற்றது எங்கே இருக்கிறது என்று தங்களுக்குத் தெரியாது என்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குச்சி என்ன, ஒரு கிளையவே ஒடிச்சுக் குடுத்திருப்பேனே" என்றார். "ஏம்மா சொல்லாமப் போனீய?"

"முன்னாலயே சொன்னாக் காரியம் கெட்டுப்போயிரும்னு" என்றேன்.

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை.